பாடசாலை நிற்கும் மண்



மலையகப் பாடசாலைக் கட்டுமானத்தைப் பற்றிய கருத்தரங்கு கொட்டகலையில் நடப்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது. நாம் பேசப்போகும் மண்ணும் மழையும் சரிவும் இந்த மண்டபத்தின் வாசலிலேயே இருக்கின்றன.

2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அன்று பல பிள்ளைகள் உயிர் தப்பினார்கள் என்றால், நேரத்தோடு பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததுதான் காரணம். வீடிழந்த குடும்பங்களைத் தங்கவைத்ததும் பாடசாலைகளில்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைக் குலைத்தபோதும் சனம் அடைக்கலம் தேடிய இடங்களில் பாடசாலைகள் இருந்தன. எனவே நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: ஒரு தோட்டத்தில் மிக உறுதியான நிலம் எதுவோ, பாடசாலை அங்கேதான் நிற்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடந்து வந்திருக்கிறது.

அதற்கொரு வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரைமார் மீது வைத்தது. லயத்து ஓரத்திலோ பிள்ளை மடுவத்துப் பக்கத்திலோ ஒற்றை மண்டபம் ஒன்று எழும்பியது. ஐந்து வகுப்பும் அதற்குள்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் இந்தப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. பின்னர் சுவீடன் உதவியில் பல கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மனியின் துணையோடு இங்கே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. அண்மையில் 9 பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா நிதி ஒதுக்கியது. இவை எல்லாவற்றையும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் கட்டடம் மாறிய அளவுக்குக் காணி மாறவில்லை. பாடசாலைக்கு 2 ஏக்கர் என்ற பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. கொடுக்கும்போது தேயிலை பிடிக்காத மேட்டையும் பள்ளத்தையும்தான் அளந்து கொடுக்கிறார்கள்.

அந்தச் சரிவின் மேல் நாம் எதைக் கட்டுகிறோம்? நூறுக்கு இருபத்தைந்து அடி மாடிக் கட்டடம். சமதரைக்கு வரைந்த படம் அது. சரிவில் அதைப் பொருத்த, மேல்பக்கத்தை வெட்டி அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டி மட்டப்படுத்துகிறார்கள். பாதி அத்திவாரம் இறுகிய மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் அமைகிறது. கொட்டிய பக்கம் மெல்ல இறங்கும். சில மழைக்காலம் கழித்து வகுப்பறைச் சுவரில் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு ஓடும். சீமெந்து பூசி மறைப்பார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடியும் வெடிக்கும். நீளக் கட்டடத்தை இரண்டு மூன்று சிறு கட்டடங்களாகப் பிரித்து, மலையின் மட்டத்தை ஒட்டிப் படிப்படியாக வைத்தால் வெட்டும் குறையும், கொட்டும் குறையும். செலவு சற்றுக் கூடலாம். கூடட்டும்.

சரிவை இளக்கும் முதல் பகை தண்ணீர். ஒரு கணக்குச் சொல்கிறேன். நூறுக்கு இருபத்தைந்து கூரையின் பரப்பு ஏறத்தாழ 232 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ஒரு கூரையிலிருந்து மட்டும் 23,000 லீற்றர் தண்ணீர் இறங்குகிறது. பீலி இல்லாத கூரையென்றால் அவ்வளவும் அத்திவாரத்தடியிலேயே விழுந்து கொட்டிய மண்ணுக்குள் ஊறுகிறது. பல இடங்களில் மலசலகூடக் குழியும் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவருக்குப் பின்னால்தான். சுவரிலோ தண்ணீர் கசிந்து வெளியேறத் துளை கிடையாது. துளை இருக்கும் இடங்களிலும், பின்னால் கல் நிரப்பாததால் மண் அடைத்திருக்கும். மண்ணோடு தண்ணீரின் பாரமும் சேர்ந்து தள்ளும்போது எந்தச் சுவர் தாங்கும்?

தேயிலை மலையில் கான் வெட்டிய நம் பாட்டன்மாருக்கு இது தெரியாத பாடமல்ல. மழைநீர் மலையில் தறிகெட்டு ஓடாமல், மட்டம் பார்த்து, மெல்லிய சாய்வோடு கான் வெட்டி ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள். அந்தக் கைத்திறன் பாடசாலை வளவுக்குள் நுழையாதது என்னை மிகவும் வருத்துகிறது. கட்டடத்துக்கு மேலே சரிவில் ஒரு கான், கூரைக்குப் பீலி, இரண்டையும் சேர்த்துக் கல் பதித்த வாய்க்காலில் ஓடை வரை கொண்டுபோதல்: மதிப்பீட்டில் இந்த வேலைதான் முதல் வரியாக இருக்க வேண்டும். இப்போது கடைசி வரியில் இருக்கிறது. காசு முடிந்ததும் அதுதான் வெட்டுப்படுகிறது.

புனரமைப்பிலும் இதே கதைதான். சாயம் பூசுவார்கள், ஓடு பதிப்பார்கள், பெயர்ப்பலகை வைப்பார்கள். ஆனால் அரைச்சுவர் வகுப்பறைக்குள் ஆடி மாதக் காற்றும் மூடுபனியும் நுழைந்து கொப்பி ஈரமாகிறது. தகரத்தில் மழை அடித்தால் ஆசிரியர் சொல்வது பின்வாங்குக்குக் கேட்காது. சுவரை உயர்த்தி யன்னல் வைப்பதும் கூரைக்குக் கீழே சீலிங் அடிப்பதும் பெரிய வித்தையல்ல.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு வரைபடங்கள் நம்மிடம் இருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்ற அளவுகோலும் இருக்கிறது. மீரியபெத்தைக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பாடசாலை முற்றத்திலும் ஒரு மழைமானி இருந்து, பிள்ளைகளே தினமும் அளந்து எழுதினால், மழை எப்போது எல்லை மீறுகிறது என்பது அதிபருக்கும் தோட்டத்துக்கும் அங்கேயே தெரிந்துவிடும்.

பொறியியலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நிலத்தை நேரில் நடந்து பார்க்காமலும், வடிகால் காட்டாமலும் வரும் பாடசாலை வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அதிபர்களே, அடிக்கல் நாட்ட நாள் குறிக்குமுன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். தோட்ட நிர்வாகத்தினரே, பாடசாலைக்கு நல்ல காணியைத் தாருங்கள். இந்த வேண்டுகோளோடு கருத்தரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.