வாய் திறவாத வழிகாட்டி

பாக்கு நீரிணையில் 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டைக் கடலின்மேல் எவரும் கண்ணாற் காண்பதில்லை. இரவிலே தொழில் செய்யும் கடற்றொழிலாளிக்கு அதனைக் காட்டுவது கையடக்கமான ஜீ.பீ.எஸ். கருவியே. எல்லை தவறினால் வள்ளம் பறிபோகும், சிறையும் வாய்க்கும். அத்தகைய கருவி, தயாரிப்பாளரின் சின்னத்தை மட்டும் காட்டி உறைந்து நின்றால் யாது செய்வது?

கருவி இறந்துவிட்டதென்று உடனே முடிவு செய்தல் தவறு. அதனை இயக்கும் கட்டளைத் தொகுதி நிலைபொருள் எனப்படும். அதனைப் புதுப்பிக்கும்போது மின் அற்றுப்போனால், அது அரைகுறையாய் நின்றுவிடும். எனினும், சுவர் இடிந்தபின்பும் அத்திவாரம் எஞ்சுதல் போல, தனியிடத்தில் உள்ள சிறிய தொடக்க நிரல் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதுவே மீட்சிக்கு வழி.

முதலில் எளியவற்றை நோக்குக. மின்கலத்தை முற்றாக மின்னேற்றுக. வேறொரு வடத்தையும் இணைத்துப் பார்க்க. சில வடங்கள் மின்னைக் கடத்துமேயன்றித் தரவைக் கடத்தா. பின்னர் மின்னாளியை அரை நிமிடம் விடாது அழுத்துக.

அப்பொழுதும் எழாவிடின் கணனியோடு இணைத்தல் வேண்டும். கணனி கருவியை இனங்கண்டால், குறித்துவைத்த இடங்களை முதற்கண் பிரதி செய்துகொள்க. பழுதுற்ற ஒரு தடக்கோப்பே கருவியை மறித்து நிற்பதும் உண்டு. அதனை அகற்றியதும் கருவி விழித்துக்கொள்ளும்.

அதுவும் பயன் தராவிடின், கைந்நூலில் விதித்த பொத்தானை அழுத்தியவாறு இயக்கி, மீட்பு நிலைக்குக் கொணர்ந்து, நிலைபொருளை மீண்டும் எழுதலாம். அது அதே மாதிரிக்குரியதாய் இருத்தல் வேண்டும். எழுதும் வேளையில் வடத்தைப் பிடுங்கலாகாது. நோயைத் தந்த அவசரம் மருந்தையும் கெடுத்துவிடும்.

முழு மீட்பின்போது குறித்த இடங்கள் அழிந்துபோதலும் கூடும். தந்தை காட்டிய மீன்பாறை, வலையைக் கிழிக்கும் அமிழ்ந்த கப்பல் ஆகியவற்றின் இருப்பிடம் ஒரு கணத்தில் மறைந்துவிடும். அவ்வெண்களை ஒரு கொப்பியில் எழுதிவைத்தவனுக்கு நட்டம் ஒரு மாலைநேர வேலையே. எழுதாதவனுக்கோ பல்லாண்டு அறிவு.

மீட்பு வேலைக்கு உரிய இடம் வீட்டு மேசை. நடுக்கடலில் கருவி வாய் மூடினால் அதனோடு போராடுதல் வீண். அங்கே திசைகாட்டியே துணை. ஆதலின் புதிய கருவி வாங்கியவரும் பழைய திசைகாட்டியை வள்ளத்தினின்று இறக்காதிருப்பாராக.