தமிழ்த்தளம் தமிழர்க்குப் பயன்பட வேண்டுமெனின்

 

தமிழ் மன்றங்களும் பதிப்பகங்களும் இன்று தத்தமக்கென இணையத்தளம் அமைத்து வருகின்றன. மகிழத்தக்கதே. ஆயின், அவற்றுட் பல, தமிழைக் காட்டுகின்றனவேயன்றிப் பயன்படவிடுவதில்லை. கரணியம் பகைவர் சூழ்ச்சியன்று, அமைப்போரின் கருத்தின்மையே.

முதற் குறை, எழுத்தைப் படமாக்கி ஒட்டுவது. விழா அழைப்பிதழையும் நூற்பட்டியலையும் அச்சகத்திலிருந்து வந்தவாறே படமாக ஏற்றிவிடுகின்றனர். கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ வெறும் நிறப்புள்ளிகள். நூற்பெயரைத் தேடுவார்க்கு அது சிக்குவது அரிது. கைப்பேசியிற் பெரிதாக்கினால் மங்கும். விழிப்புலன் இழந்தோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்கள் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருளாற் கேட்டே அறிகின்றனர். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆத்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் ஒலிக்கும். படத்துள் அடைபட்ட எழுத்தோ அதற்கு இயல்பாக எட்டாது. படம் வேண்டுமாயின் இடுக. அதற்குரிய மாற்றுரையையும் எழுதுக. செய்தியைத் தனியே எழுத்தாகவும் தருக.

அவ்வெழுத்தும் ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு, தமிழ்99 விசைப்பலகையோடு பொதுக் குறியேற்றங்களையும் வகுத்தது. ஆயினும், நிறுவனந்தோறும் வேறு வேறு குறியேற்றம் நெடுநாள் வழங்கிற்று. அக்காலப் பக்கங்களை உரிய எழுத்துருவின்றித் திறப்பின் உரோம எழுத்துக் குப்பையே தோன்றும். தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனியிடம் தராத குறை ஒருங்குறிக்கு உண்டு. அதைச் சொல்லிப் பழங்குறியேற்றத்தைப் பற்றிக்கொண்டிருப்பது அறிவன்று. பக்கத்தின் மொழி தமிழென அறிவிக்கும் 'டிஏ' என்னும் மொழிக்குறியையும் எச்.டி.எம்.எல். தொடக்கத்தில் இடுக. அது விடுபட்டால், படித்துக்காட்டும் மென்பொருள் தமிழை ஆங்கிலக் குரலில் ஒலிக்க முயலலாம்.

படிவங்களைப் பற்றி அழுத்தமாகக் கூற வேண்டும். மேலைநாட்டுப் படிவத்தை அப்படியே பெயர்த்து, 'முதற்பெயர்', 'குடும்பப்பெயர்' என ஈரறை வைத்து, இரண்டையும் நிரப்பினாலன்றி மேற்செல்ல விடாத தமிழ்த்தளங்கள் உள. தமிழருட் பெரும்பாலார்க்குக் குடும்பப்பெயர் ஏது? தந்தை பெயரின் தலைப்பெழுத்தே உண்டு. தமிழன் தன் பெயரைத் தமிழ்த்தளத்தில் எழுதவியலாமல் திகைத்துத் திரும்புவதினும் இழிவு வேறுண்டோ? 'பெயர்' என்று ஓரறையே போதும். தலைப்பெழுத்தையும் புள்ளியையும் பிழையெனத் தள்ளாதிருக்க வேண்டும்.

தமிழ்ச்சொல் நீளமாதலின் விசைக்குள் அடங்காதென்பார் சிலர். 'சமர்ப்பிக்கவும்' என்று ஒன்பது எழுத்து எழுதினால் எங்ஙனம் அடங்கும்? 'அனுப்பு' என்க, நான்கே எழுத்து. தேடு, திற, மூடு, வாங்கு என ஏவல் வினைகள் ஆயத்தமாகவே உள்ளன. தூய தமிழே இங்குத் திரையிடத்தையும் மிச்சப்படுத்துகிறது.

கி, கீ மேலெழும். கு, கூ கீழிறங்கும். ஆதலால் வரியுயரம் எழுத்தளவின் ஒன்றரை மடங்கிற்குக் குறையலாகாது. குறுந்திரையில் வரிகளை இருபுறமும் ஒழுங்குசெய்தால், நீண்ட சொற்களுக்கிடையே பள்ளம் விழும்; இடப்புறம் மட்டும் ஒழுங்கு போதும். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்னும் அளவிற் குறையலாகாதென்பது அனைத்துலக நெறிமுறை. மஞ்சளின்மேற் சிவப்பு எழுதுவாரும் உளர். கொடி நிறம் கொடிக்கே அழகு.

கூகுள் குரோம் உலாவியின் கணினிப் பதிப்பிலேயே, கலங்கரை விளக்கமெனப் பொருள்படும் பெயருடைய ஆய்கருவி ஒன்று உளது. தளத்திற்கு நூற்றுக்கு இத்தனையெனப் புள்ளியிட்டு, விரைவிலும் அணுக்கத்திலும் உள்ள குறைகளைச் சுட்டும். விலை யாதுமில்லை. ஆயின், சொல் விளங்கிற்றா என்பதை அது அறியாது. அதற்கு, ஆங்கிலமறியா முதியவர் ஒருவரிடம் விலைகுறைந்த கைப்பேசியைக் கொடுத்து, "ஐயா, இத்தளத்தில் ஒரு நூல் வாங்குங்கள்" எனக் கூறி, வாய்திறவாது அருகிருக்க. அவர் விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே திருத்துக.