சிறுநீரகக் கோளாறும் ஜலதோஷமும்

(நமது பெங்களூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது, "ஏதாவது ஆன்மிகமாச் சொல்லுங்கோ மாமா" என்றுதான் கேட்டார். அதற்குத் தகுதியானவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருக்கிறார்கள். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, 36 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். டாக்டர் அல்ல. ஆனால் ஒன்பது வருஷமாகச் சிறுநீரகக் கோளாறுடன் குடித்தனம் நடத்துகிறவன். அந்த அனுபவத்தில், ஒரு சாதாரண ஜலதோஷம் வந்தால் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று நான் படித்ததையும், என் நெஃப்ராலஜிஸ்டிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பெங்களூரில் ஜலதோஷத்துக்குப் பஞ்சம் கிடையாது. மார்கழிப் பனி ஒரு பக்கம், மழைக்கால ஈரம் ஒரு பக்கம், காலி மனைகளில் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் மகரந்தம் இன்னொரு பக்கம். மெடிக்கல் ஷாப்பில் போய் மூக்கை உறிஞ்சினால் போதும், "நெகடியா சார்?" என்று கேட்டுக்கொண்டே பையன் ஒரு அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து நீட்டிவிடுவான். மருந்தின் பெயர் ஒரு துண்டில், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது இன்னொரு துண்டில். நம் கைக்கு வருவது பெரும்பாலும் இரண்டும் இல்லாத துண்டு!

என் உறவினர் ஒருவர். அத்திம்பேர் முறை. எழுபது வயது தாண்டியவர், ஷுகரும் பி.பி.யும் உண்டு. கிரியாட்டினின் 1.9-இல் பல வருஷம் ஆடாமல் அசையாமல் நின்றது. ஜலதோஷம், உடம்பு வலி, ஜுரம் என்று ஒரு கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை ஏழு நாள் சாப்பிட்டார். வழக்கமான பி.பி. மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும் தொடர்ந்தன. வாய்க்கசப்பால் சாப்பாடும் தண்ணீரும் குறைந்தன. எட்டாம் நாள் காலில் வீக்கம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கிரியாட்டினின் 4.6. இரண்டு முறை டயாலிசிஸ் செய்து, பகவத் கிருபையால் மீண்டார். ஆனால் 1.9-க்குத் திரும்பவில்லை. 2.5-இல் நின்றுவிட்டது. ஜலதோஷம் என்னவோ தானாகவே போயிருக்கும்.

இது ஏன் நடந்தது என்று புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். ஐபூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நிமிசுலைடு, நாப்ராக்சன் எல்லாம் ஒரே கோத்திரம். உடம்பில் பிராஸ்டகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இதை 1971-இல் கண்டுபிடித்துச் சொன்ன ஜான் வேன் என்பவருக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது. சங்கடம் என்னவென்றால், சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் சின்னக் குழாயை, ஆபத்துக் காலத்தில் திறந்து வைத்திருப்பதும் அதே பிராஸ்டகிளாண்டின்தான். மாத்திரை போட்டால் நுழையும் குழாய் சுருங்குகிறது. டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற பி.பி. மருந்துகள் வெளியேறும் குழாயைத் தளர்த்துகின்றன. நீர் மாத்திரையோ உள்ளே இருக்கும் தண்ணீரையே குறைக்கிறது. மாடித் தொட்டிக்குக் காவேரித் தண்ணீர் வரும் குழாயைப் பாதி மூடி, கீழே குழாயை அகலத் திறந்து, தொட்டியில் தண்ணீரும் குறைந்தால் பிரஷர் எங்கிருந்து வரும்? இந்த மூன்றும் ஒன்று சேர்வதைத்தான் டாக்டர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். டெல்மிசார்டானும் ராமிப்ரிலும் நல்ல மருந்துகள், சிறுநீரகத்தைக் காப்பவை. அவற்றை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். கடும் ஜுரம், வாந்தி, பேதி என்று வந்தால் எந்த மாத்திரையைச் சில நாள் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

"எனக்கு கிட்னி கோளாறே இல்லையே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. வயதாகித் தசை குறைந்தவர்களுக்கு அது குறைவாகவே உற்பத்தியாகும். எழுபது வயது மாமிக்குக் கிரியாட்டினின் 1.2 என்றால் ரிப்போர்ட்டில் "நார்மல்" என்றே பல லேப்களில் அச்சாகும். ஆனால் வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் 49 அளவில்தான் வருகிறது. அந்த இ.ஜி.எஃப்.ஆர். மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழ் இருந்தாலே நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். 15-க்குக் கீழே போனால் செயலிழப்பு. ஆகவே அடுத்த முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்போது கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் பாருங்கள். சிறுநீரில் ஆல்புமின் போகிறதா என்றும் பாருங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஏ.பி.சி. மாத்திரை ஞாபகம் இருக்கும். சர்க்கார் டிஸ்பென்சரிகளில் தலைவலி, ஜுரம், ஜலதோஷம் எல்லாவற்றுக்கும் அதுதான். அதில் நடுவில் உள்ள 'பி', ஃபெனாசிட்டின். ஸ்வீடனில் ஹஸ்க்வார்னா என்ற ஊரில், 1918 இன்ஃப்ளூயன்ஸா சமயத்தில் உள்ளூர் டாக்டர் ஒருவர் ஃபெனாசிட்டின் கலந்த ஒரு பொடியைக் கொடுத்தார். ஜுரம் போன பிறகும் தொழிற்சாலைக்காரர்கள் அந்தப் பொடியை விடவில்லை. நாம் காப்பி சாப்பிடுவது போல் தினமும் சாப்பிட்டார்கள். பல வருஷம் கழித்து அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டு இறந்தவர்கள் அதிகம் என்று தெரிந்தது. 1980களில் நம் நாட்டிலும் ஃபெனாசிட்டின் தடை செய்யப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், ஃபெனாசிட்டின் உடம்புக்குள் போய் மாறி வேலை செய்வது பாராசிட்டமாலாகத்தான். பிராடி, ஆக்ஸல்ராட் என்ற இருவர் 1940களின் இறுதியில் இதை நிரூபித்தார்கள். அப்பனை விலக்கிப் பிள்ளையை வைத்துக்கொண்டோம் என்று சொல்லலாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஜுரத்துக்கும் வலிக்கும் டாக்டர்கள் முதலில் சொல்வது அந்தப் பிள்ளையைத்தான். அது பெரும்பாலும் கல்லீரலில் மாற்றமடைகிறது. கோவிட் காலத்தில் நாடு முழுவதும் பிரசித்தமான டோலோ 650, நம் பெங்களூர்க் கம்பெனியின் தயாரிப்புதான். அதற்காக மிட்டாய் போல் சாப்பிடலாகாது. ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயதானவர்கள் 3 கிராமுக்குள் இருப்பது உசிதம், மெலிந்தவர்களுக்கு இன்னும் குறைவு. தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரையும் மாத்திரை வேண்டாம். அது ஒன்றிலேயே சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கும். கிட்டத்தட்ட ஒரு கிராம் உப்பு! நமக்கு நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புதான் அனுமதி.

கலப்பு மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்வேன். மூக்கடைப்புக்கு ஒன்று, தும்மலுக்கு ஒன்று, ஜுரத்துக்குப் பாராசிட்டமால், மேலே கொஞ்சம் காஃபின் என்று நாலைந்தை ஒன்றாக இடித்து விற்கிறார்கள். அதோடு தனியாக டோலோவும் போட்டால் பாராசிட்டமால் இரட்டிப்பாகிறது, நமக்குத் தெரிவதில்லை. மூக்கடைப்பு மருந்து பி.பி.யை ஏற்றக்கூடியது. ஃபினைல்புரோபனாலமைன் என்ற ஒன்றை 2011-இல் நம் அரசு தடை செய்தது. இப்போது இருப்பது ஃபினைலெஃப்ரின். அதை வாயால் சாப்பிட்டால் மூக்கடைப்புக்குப் பிரயோஜனமே இல்லை என்று அமெரிக்க நிபுணர் குழு 2023-இல் ஒருமனதாகச் சொன்னது. பலன் இல்லாத வஸ்துவுக்கு பி.பி.யை ஏன் பணயம் வைக்க வேண்டும்? நம் அரசும் 2018-இல் 328 கலப்பு மருந்துகளையும், 2024-இல் இன்னும் 156-ஐயும் தடை செய்தது. தடை செய்ய இவ்வளவு இருந்ததே என்பதுதான் ஆச்சரியம்.

தும்மல் மாத்திரைகளில் செட்ரிசின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. நமக்கு வழக்கமாகப் பாதி அளவுதான் சொல்வார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு லெவோசெட்ரிசின் கூடாது. குளோர்ஃபெனிரமின் தூக்கத்தைக் கொடுக்கும். ப்ராஸ்டேட் வீங்கிய நம் போன்ற மாமாக்களுக்கு மூத்திரத்தையே நிறுத்திவிடவும் கூடும். மூக்குக்கு வெறும் உப்பு நீர்ச் சொட்டு மருந்து போதும். ஆக்ஸிமெட்டாசோலின் வகைச் சொட்டு மருந்தை மூன்று நாளுக்கு மேல் நீட்டினால், அதனாலேயே மூக்கு அடைக்க ஆரம்பித்துவிடும். ஆன்டிபயாடிக்? ஜலதோஷம் வைரஸால் வருவது. இருநூறுக்கும் மேற்பட்ட வைரஸ்கள் உண்டு. ஆன்டிபயாடிக் அவற்றை ஒன்றும் செய்யாது.

சிரப் விஷயத்துக்கு வருகிறேன். 2025 அக்டோபரில் பேப்பரில் படித்து நாம் எல்லோரும் பதறினோம். மத்தியப் பிரதேசம் சிந்த்வாடா மாவட்டத்தில், ஜலதோஷத்துக்கும் இருமலுக்கும் கோல்ட்ரிஃப் சிரப் கொடுக்கப்பட்ட சின்னஞ்சிறு குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎதிலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 0.1 சதவீதம்! சிரப்புக்குக் கரைப்பானாகச் சேர்க்கும் கிளிசரினும் புரோபிலீன் கிளைக்காலும் தித்திப்பானவை, பிசுபிசுப்பானவை. டைஎதிலீன் கிளைக்காலும் அப்படியே. ருசியிலோ பார்வையிலோ வித்தியாசம் தெரியாது; லேபில் சோதித்தால்தான் தெரியும். அந்தச் சோதனையைச் செய்யாமல் விடும்போதுதான் விபரீதம். இது முதல் தடவையும் அல்ல. 1937-இல் அமெரிக்காவில் நூறு பேருக்கு மேல் பலியாகி, அதனால்தான் அங்கே மறுவருஷம் மருந்துச் சட்டமே பிறந்தது. 1986-இல் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 14 பேர். 2022-இல் காம்பியா நாட்டில் குழந்தைகள். கெமிஸ்ட்ரி படித்தவனுக்கு இதைச் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது. முன்னேறிய இந்தக் காலத்தில் கண்டறிய முடியாத விஷம் அல்ல இது.

ஆகவே பேரன் பேத்திகளுக்கு, அதுவும் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். நமக்கும் அது அநாவசியம். சர்க்கரைப் பாகு வேறு. ஷுகர்காரர்களுக்கு இன்னும் தொல்லை.

"அப்போ என்னதான் சாப்பிடறது? நம்மாத்துக் கஷாயம் இருக்கவே இருக்கே" என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. சமையல் அளவில் சுக்கு, மிளகு, திப்பிலி, சீரகம், துளசி, ஓமம் எல்லாம் பேஷாகச் சேர்க்கலாம். கண்டதிப்பிலி ரசத்துக்கு ஈடு உண்டோ? ஆனால் பொட்டாசியம் கட்டுப்பாடு உள்ளவர்கள் தக்காளியைத் தவிர்த்து, ரசமாக முட்ட முட்டக் குடிக்காமல் சாதத்தில் பிசைந்து சாப்பிடலாம். உப்பு குறைவாக. 'லோ சோடியம்' உப்பு என்று விற்கிறார்களே, அது நமக்கு ஆகாது. அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. தெருவுக்குத் தெரு இளநீர் வண்டி நிற்கிற ஊர் இது. "சளி முறிய வெயிலில் ஒரு இளநீர்" என்று சிநேகிதர்கள் உபசரிப்பார்கள். ஒரு டம்ளர் இளநீரில் 400 மி.கி.க்கு மேல் பொட்டாசியம். இதயத் துடிப்பையே குலைக்கக்கூடிய விஷயம்.

தொண்டைக்கு அதிமதுரம் சுவைப்பது நம் பழக்கம். அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும், எனவே வேண்டாம். பெயர் தெரியாத மூலிகைப் பொடிகளும், பஸ்பம் சேர்ந்த லேகியங்களும் கூடவே கூடாது. ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா என்ற இனத்தைச் சேர்ந்தவை. அதே இனத்துச் சீன மூலிகை கலந்த இளைக்கும் மருந்தைச் சாப்பிட்டு, பெல்ஜியத்தில் பல பெண்களுக்குச் சிறுநீரகமே போய்விட்டது என்பது 1993-இல் வெளிவந்தது. மூலிகை என்றால் சாது என்று அர்த்தமில்லை. வைட்டமின் சி மாத்திரையை ஆயிரம் மில்லிகிராம் கணக்கில் விழுங்குவதும் ஆகாது. அது ஆக்ஸலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படியும்.

வெந்நீரில் உப்பைப் போட்டுக் கொப்பளித்துத் துப்புவதற்கு எந்தத் தடையும் இல்லை. மார்பிலும் முதுகிலும் தைலம் தடவலாம். ஆவி பிடிக்கலாம், ஆனால் கொதிக்கும் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அல்ல.

உரை முடிந்ததும் சில கேள்விகள் வந்தன. ஒரு மாமி, தன் அகத்துக்காரர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார், ஜலதோஷம் வந்தால் "நிறைய வெந்நீர் குடிங்கோ" என்று எல்லோரும் சொல்கிறார்களே என்று கேட்டார். அவருக்கு டாக்டர் விதித்த தண்ணீர் அளவு ஜலதோஷத்திலும் அதேதான். காலையில் அந்த அளவை ஒரு பாட்டிலில் எடுத்து வைத்து, காப்பி, ரசம், கஷாயம் எல்லாவற்றையும் அதற்குள் கணக்குப் பண்ண வேண்டும். தொண்டை வறண்டால் வாயைக் கொப்பளிக்கலாம். டயாலிசிஸ் இல்லாத ஆரம்ப நிலைக்காரர்களுக்கு நேர்மாறு. ஏகாதசி, சிரார்த்தம் என்று ஜுரத்தோடு ஜலம்கூடக் குடிக்காமல் இருக்கக் கூடாது. சாஸ்திரத்திலேயே வியாதியஸ்தர்களுக்கு விலக்கு உண்டு என்று நம் சாஸ்திரிகள் சபையிலிருந்தே சொன்னார்.

தடுப்பூசி பற்றி இன்னொருவர் கேட்டார். இன்ஃப்ளூயன்ஸா ஊசி வருஷத்துக்கு ஒரு முறை, நிமோகாக்கல் ஊசி டாக்டர் சொல்கிறபடி. சாதாரண ஜலதோஷத்தை இவை தடுக்காது. ஜலதோஷம் போல ஆரம்பித்து ஐ.சி.யு.வில் முடிகிற வியாதிகளுக்காகத்தான் இவை.

எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. மூன்று நாளுக்கு மேல் ஜுரம், மூச்சு வாங்கல், சிறுநீர் குறைவது, காலிலோ முகத்திலோ வீக்கம், வாந்தி நிற்காமை. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். போனதும் ஜலதோஷத்தை இரண்டாவதாகச் சொல்லி, கிரியாட்டினின் எவ்வளவு என்பதை முதலில் சொல்லுங்கள்.