தோழியின் கைக்கிளை



சங்க அகப்பாடல்களில் அதிகம் உழைப்பவள் தோழிதான். இரவில் வராதே என்று தலைவனிடம் சொல்ல வேண்டும். செவிலித்தாய்க்குச் சந்தேகம் வந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். அவன் பொருள் தேடப் போய்விட்டால் தலைவியைத் தேற்ற வேண்டும். இத்தனையும் செய்கிறவளுக்கென்று ஓர் ஆசை இருக்குமா என்று நான் படித்த எந்தப் பாட்டும் கேட்கவில்லை.

ஒருதலைக் காதல் நமக்குப் புதிதல்ல. ஏழு திணைகளை வரிசைப்படுத்தும்போது தொல்காப்பியர் கைக்கிளையைத்தான் முதலில் வைக்கிறார். அதைப் பெண் வாய்விட்டுச் சொல்வதும் புதிதல்ல. புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டுகளும் நக்கண்ணையார் பாடியவை. போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மேல் அவருக்கு ஆசை. தாய்க்குப் பயம், ஊராரிடம் கூச்சம், இரண்டுக்கும் நடுவே நின்று தவிக்கிறார். ஆனால் ஒரு பெண்ணின் மனம் தன் தோழியிடமே போய் நின்றுவிட்டால் என்ன ஆகும்? அதைச் சொல்லும் கலைப்படைப்புகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் பெங்களூர் அல்சூர்க்காரி. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் பஜார் தெருவில் இரண்டிரண்டு பேராகப் பெண்கள் வருவார்கள். கூர்ந்து பாருங்கள். ஒருத்தி பேசிக்கொண்டே போவாள். இன்னொருத்தி அவள் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு, அவள் முகத்தையே பார்த்தபடி நடப்பாள். பெரும்பாலும் அது வெறும் சிநேகம்தான். சில சமயம் அப்படியில்லை. அந்தச் ‘சில சமயம்’ எப்படி இருக்கும் என்பதை நான் பார்த்த அளவில் மிக நெருக்கமாகக் காட்டியது ஒரு பிரெஞ்சுப் படம்.

படத்தின் பெயர் ‘ரெஸ்பீர்’. மூச்சு விடு என்று அர்த்தம். நடிகை மெலனி லோரான் இயக்கியது. 2014இல் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. ஆன்-சோஃபி பிராம் என்ற பெண் எழுதிய நாவல்தான் மூலம். 2001இல் அது அச்சில் வந்தபோது அவருக்கு 17 வயது. கதாநாயகி சார்லிக்கும் அதே வயது. வீட்டில் அப்பா அம்மா சண்டை, கூடவே ஆஸ்துமா. வகுப்பில் சாரா என்ற புதுப் பெண் வந்து சேர்கிறாள். துணிச்சல்காரி, யாரையும் வசீகரிக்கத் தெரிந்தவள். சார்லி அவளிடம் மனதை மொத்தமாக ஒப்படைத்துவிடுகிறாள். தன் அம்மா ஆப்பிரிக்காவில் தொண்டு வேலை பார்ப்பதாக சாரா சொல்லியிருக்கிறாள். அது பொய்.

அந்தப் பொய் வெளிப்படும் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். சார்லி அவளைப் பின்தொடர்ந்து அவள் வீட்டுக்குப் போகிறாள். உள்ளே நுழையவில்லை. காமிரா வெளியிலேயே நின்று, வெட்டே இல்லாமல், ஜன்னல் ஜன்னலாக நகர்கிறது. ஒரு ஜன்னலில் சாரா, அடுத்ததில் குடித்துவிட்டுக் கிடக்கும் அம்மா, மறுபடி சாரா. உலகத்தையே ஜெயித்தவள் போல நடந்த பெண், வீட்டுக்குள் தாயிடம் அல்லாடுகிறாள். இன்னொருத்தியின் வாழ்க்கையை ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் சார்லியின் காதல் முழுவதும். வசனமே தேவைப்படாமல் அதை ஒரே நகர்வில் சொல்லிவிடுகிறார் லோரான். அந்த இடத்தில் சாராவின் மேலும் நமக்கு இரக்கம் வந்துவிடுகிறது. ரகசியம் தெரிந்தவள் என்பதாலேயே சார்லியை சாரா அதற்குப் பிறகு வதைக்கிறாள். ஏளனம், புறக்கணிப்பு, திடீரென்று ஒரு நாள் அன்பு, மறுபடி ஏளனம். சார்லியால் விலக முடியவில்லை. கடைசியில் சாராவின் மூச்சு நின்றுபோவது சார்லியின் கையால்தான்.

இது ஏதோ பிரான்சு தேசத்து விவகாரம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படத்துக்கு 33 ஆண்டு முன்பே, 1981இல், மராத்தியில் விஜய் டெண்டுல்கர் ‘மித்ராச்சி கோஷ்ட’ என்ற நாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஒரு தோழியின் கதை. வினய் ஆப்தே இயக்கினார். மித்ராவாக நடித்தவர் ரோகிணி ஹட்டங்கடி. அடுத்த ஆண்டு வெளிவந்த ‘காந்தி’ படத்தில் கஸ்தூர்பாவாக நாம் பார்த்த அதே ரோகிணி. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் மேல் கொண்ட வேட்கையை நடுத்தர வர்க்கக் குடும்பங்கள் உட்கார்ந்திருந்த அரங்கத்தில் நேருக்கு நேர் வைத்த நாடகம் அது. இதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கௌரி ராம்நாராயண். நம் கல்கியின் பேத்தி.

சுதந்திரத்துக்கு முந்தைய புனே, ஒரு கல்லூரி. அங்கே போடும் நாடகத்தில் மித்ராவுக்கு ஆண் வேஷம், நாமா என்ற மாணவிக்கு நாயகி வேஷம். ஒத்திகையில் பேசிய காதல் மித்ராவுக்கு மேடையோடு முடியவில்லை. நாமாவுக்கு ஏற்கெனவே மான்யா தள்வி என்று ஒரு காதலன். அவனையும் விடவில்லை, மித்ராவையும் விடவில்லை. நேயர்களே, நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நாமா சரி என்றும் சொல்வதில்லை, முடியாது என்றும் சொல்வதில்லை. கூப்பிட்டால் வருகிறாள், பிறகு காணாமல் போகிறாள், மறுபடி வருகிறாள். மித்ரா கெஞ்சுகிறாள், மிரட்டுகிறாள், குடிக்கத் தொடங்குகிறாள். அவளை நல்லவளாகப் பூசி மெழுகும் வேலையை டெண்டுல்கர் செய்யவில்லை. எனக்கு அதில்தான் அவர்மேல் மரியாதை. இவ்வளவையும் நமக்குச் சொல்பவன் பாபு என்ற கூச்ச சுபாவக்காரன். மித்ராவிடம் மனதைக் கொடுத்துவிட்டு, அவளுக்குத் தூது போகிறவனாக நின்றுவிட்டவன். அகப்பாட்டில் தோழி செய்த வேலையை இங்கே ஓர் ஆண் செய்கிறான்.

ஓர் ஆண் பெண்ணிடம் தன் காதலைச் சொன்னால் அவள் ‘இல்லை’ என்று சொல்லலாம். வலிக்கும், ஆனால் விஷயம் தெளிந்துவிடும். இரண்டு தோழிகளுக்கு நடுவில் அந்த ‘இல்லை’ எங்கே இருக்கிறது? கேள்வியே கேட்கப்படுவதில்லையே! கையைப் பிடிக்கலாம், ஒரே போர்வையில் படுக்கலாம், ஒருவர் தட்டில் ஒருவர் சாப்பிடலாம், ஊர் கண்டுகொள்ளாது. ஊர் கொடுத்த அந்தச் சுதந்திரமேதான் பொறியாகவும் மாறுகிறது. ஒருத்திக்கு அது சிநேகம், இன்னொருத்திக்கு அது உயிர். வித்தியாசத்தைச் சொல்ல இருவருக்கும் வாய் வருவதில்லை. சொல்லாத ஆசை வெறியாக முற்றுவதற்கு அந்தப் பெண்ணின் குணம் மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை.

மலையாளத்தில் பத்மராஜன் 1986இல் எடுத்த ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ படத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். சாலி, நிம்மி என்று இரண்டு பள்ளி மாணவிகள், சாரியும் கார்த்திகாவும் நடித்தவர்கள், சுற்றுலா போன இடத்திலிருந்து ஓடிப்போகிறார்கள். சாலியின் உலகம் நிம்மி. நிம்மியின் மனமோ வழியில் சந்தித்த ஹரிசங்கரிடம், அதாவது மோகன்லாலிடம், போகிறது. அவன் விரும்புவது அந்தப் பெண்களின் ஆசிரியையை. கைக்கிளைக்குள் இன்னொரு கைக்கிளை! சாலி ஒரு முறைகூடத் தன் மனதுக்குப் பெயர் வைப்பதில்லை. நிம்மி அந்த ஆணைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாலியின் முகத்தைக் கவனியுங்கள், போதும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சொல்லியே தீர வேண்டும். இந்த மூன்று கதையும் சாவில் முடிகின்றன. சாரா கொல்லப்படுகிறாள், மித்ரா மாள்கிறாள், சாலியும் நிம்மியும் ஒன்றாக உயிரை விடுகிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் கதையில் நியாயம் இருக்கிறது. சேர்த்துப் பார்த்தால் மனம் ஒப்பவில்லை. நிஜ வாழ்க்கையில் கேரளத்தில் இப்படிப்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்ட சம்பவங்கள் உண்டு. அந்த ஊர்ப் பின்னணியில் லிஜி புல்லப்பள்ளி எடுத்த படம்தான் 2004இல் வந்த ‘சஞ்சாரம்’. அதில் ராஜன் என்ற பையனுக்காக, டெலைலா என்ற தன் தோழிக்குக் காதல் கடிதம் எழுதித் தருகிறாள் கிரண். கடிதத்தில் இருப்பதெல்லாம் அவளுடைய சொந்த மனம். எட்மோன் ரோஸ்தான் 1897இல் எழுதிய ‘சிரானோ’ நாடகத்தில் அந்த வேலையைச் செய்தவன் பெரிய மூக்குக்காரச் சிரானோ. இங்கே பாவாடை கட்டிய பெண். டெலைலாவும் அவளை விரும்புகிறாள், ஆனால் வீட்டார் அவளுக்கு வேறு கல்யாணம் செய்து வைக்கிறார்கள். கிரண் மலை விளிம்பு வரை போகிறாள். போனவள் திரும்புகிறாள். கதையை அந்த இடத்தில் திருப்பிய லிஜிக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அல்சூரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எட்டாத தூரமில்லை. பிரெஞ்சுப் படம் என்றால் வசந்த நகரில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, ஆட்டோவில் போய்விடலாம். மலையாளம் பேசும் அண்டை வீடு இல்லாத தெரு இங்கே குறைவு. ஏரிக்கு அருகிலேயே 1950 முதல் இயங்கிவரும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். அந்த மேடையில் ‘மித்ராச்சி கோஷ்ட’ நாடகத்தைத் தமிழில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நாடகக் குழுக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: மித்ராவாக நடிக்கப் பலர் முன்வருவார்கள், அழவும் கத்தவும் அதில் இடம் இருக்கிறது. நாமாவுக்குத்தான் தேடித் தேடி ஆள் எடுக்க வேண்டும். ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு நாடகம் முழுவதும் நிற்க வேண்டியவள் அவள். அவளை வில்லி ஆக்கிவிட்டால் நாடகம் அன்றைக்கே படுத்துவிடும்.