அத்தையின் ஐந்நூறு ரூபாயும் ஆலமரத்தடியும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



"செல்போனும் நம் குழுவும்" என்று பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. அதனால் செல்போனில் நான் ஒருத்தருக்குக் கொடுத்த அவமானத்தையும், நான் பட்ட அவமானத்தையும் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். கொடுத்ததை முதலில் சொல்றேன்.

எங்க குழுவில் பதினாலு பேர். கார்த்திகை தீபம் நெருங்கினால் பாதிப் பேர் விருத்தாசலத்துக்கு செராமிக் வேலைக்குப் போயிடுவோம். அகல் விளக்கு, பொம்மை. அச்சில் ஊத்துறது, காய்ஞ்சதும் பிசிறு தேய்க்கிறது, சூளையில் வெந்து வந்ததும் வர்ணம் அடிக்கிறது. வீட்டுக்கு வந்து சேர ராத்திரி ஆயிடும். கூட்டம் போட முடியாத வாரங்களில் கணக்கு நோட்டைப் போட்டோ எடுத்து குழு வாட்ஸ்அப்பில் போட்டுடுவேன். அப்போ நான்தான் பிரதிநிதி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அப்படி ஒரு ராத்திரி. மணி ஒன்பதரை இருக்கும். மேலத்தெரு அத்தைகிட்ட இருந்து ஒரு வாய்ஸ் வந்துச்சு. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வாய்ஸ்தான் அனுப்புவாங்க. "என் ஐந்நூறு ரூபா எங்கடி போச்சு? நான்தான் கட்டினேனே!" அவ்வளவுதான். அத்தை எப்பவும் சத்தமாத்தான் பேசுவாங்க. மாசி மகத்தில் மணிமுத்தாத்துக்கு இந்தக் கரையில் நின்னு பேரனைக் கூப்பிட்டால் அந்தக் கரைக்குக் கேட்கும். நேரில் கேட்டிருந்தா நோட்டைப் புரட்டிப் பார்த்திருப்பேன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெத்தலை மடிச்சிருப்பாங்க. அந்த நேரத்தில், நாள் முழுக்க நின்ன காலோட, எனக்கு அது "நீ திருடிட்டியா" என்றுதான் காதில் விழுந்துச்சு.

உடனே எழுதினேன். "கணக்குத் தெரியாதவங்க கணக்கைப் பத்திக் கேள்வி கேட்க வேண்டாம். நம்பிக்கை இல்லேன்னா குழுவை விட்டுப் போகலாம்." ரெண்டு பேர் அதுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டாங்க. ஒருத்தங்க கட்டை விரல் போட்டாங்க. எனக்கு அப்போ சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

அத்தைக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன் இல்லையா? பேரன்தான் படிச்சுக் காட்டியிருக்கான். ஏழாவது படிக்கிற பையன், தன் ஆயாவைத் திட்டினதைத் தானே வாய்விட்டுப் படிச்சிருக்கான்.

அத்தை மூணு கூட்டத்துக்கு வரலை. சந்தா வரலை, கடன் தவணை நின்னுச்சு. அவங்க தெருக்காரங்க ரெண்டு பேர் "நாங்களும் வரலை"ன்னுட்டாங்க. வங்கிக் கடனுக்கு மனு கொடுத்திருந்த நேரம் அது. குழு ரெண்டா உடையப் போகுதுன்னு ஊரே பேசிச்சு. வருஷக் கணக்கு முடிக்க உட்கார்ந்தப்போதான் பார்த்தேன். எங்க குழுவில் ஒரே பேரில் ரெண்டு பேர். அத்தை கட்டின ஐந்நூறை இன்னொருத்தங்க வரியில் எழுதி வெச்சிருக்கேன். என் கையெழுத்து, என் தப்பு.

அன்னைக்கே அத்தை வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தாங்க. "விடும்மா"ன்னாங்க. ஆனா அடுத்த கூட்டத்துக்கும் வரலை. அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. பதினாலு பேர் பார்க்கத் திட்டிட்டு, திண்ணையில் ரகசியமா மன்னிப்புக் கேட்டா எப்படிச் சரியாகும்? அன்னைக்கு ராத்திரியே குழுவில் வாய்ஸ் போட்டேன். எழுதலை, வாய்ஸ். பேரன் படிச்சுச் சொல்லாம அத்தையே கேட்கணும்னு. "அத்தை கேட்டது சரி, நான் எழுதினது தப்பு, ஐந்நூறு ரூபா இன்னார் வரியில் இருக்கு"ன்னு சொன்னேன். அடுத்த வாரம் வந்து உட்கார்ந்தாங்க. என்கிட்ட ஒரு மாசம் பேசலை. அது அவங்க உரிமை.

இப்போ நான் பட்டது. என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பள்ளிக்கூடத்தில் "உங்கள் ஊர்" என்று எழுதச் சொன்னதுக்குப் போனில் விக்கிப்பீடியா பார்த்தா. ஏதாவது தேடினா முன்னாடி வந்து நிக்குமே, அந்தக் கலைக்களஞ்சியம். 2001-ல் இங்கிலீஷில் ஆரம்பிச்சது, தமிழில் 2003-லிருந்து இருக்கு. யார் வேணும்னாலும் எழுதலாம், அடுத்தவர் எழுதினதை யார் வேணும்னாலும் திருத்தலாம். யாருக்கும் சம்பளம் கிடையாது. தமிழில் அதுக்கு அடித்தளம் போட்டவங்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்துக்காரர், மயூரநாதன் என்கிறவர். கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ம் வருஷத்து இயல் விருதை அவருக்குக் கொடுத்திருக்கு. ஒவ்வொருத்தரா எழுதி 2017-ல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிட்டாங்க. எழுதுறவங்க ஒருத்தர் தமிழ்நாடு, ஒருத்தர் இலங்கை, ஒருத்தர் கனடா. முக்கால்வாசிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது.

எனக்கும் ஆசை வந்துச்சு. எங்க ஊர்ப் பக்கத்து செராமிக் வேலையைப் பத்தி ஒரு பத்தி எழுதினேன். நெய்வேலி சுரங்கத்தில் கிடைக்கிற வெள்ளைக் களிமண், அச்சு, சூளை, பொம்மைக்குக் கண் வரையிற பெண்களோட கை. ரெண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினது. மறுநாள் பார்த்தா காணோம். யாரோ எடுத்துட்டாங்க. யார், எத்தனை மணிக்கு, ஏன் எடுத்தாங்கன்னு அங்கேயே இருக்கு. நம்ம தீர்மான நோட்டு மாதிரி, பழைய பக்கத்தைக் கிழிக்க முடியாது. "சான்று இல்லை" என்று காரணம் போட்டிருந்துச்சு.

இருபது வருஷமா இந்த வேலையைப் பார்க்கிற எனக்குச் சான்றா? ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னாடி பேச்சுப் பக்கம் என்று ஒண்ணு வெச்சிருக்காங்க. சண்டையை அங்கேதான் போடணும், கட்டுரைக்குள்ளே போடக் கூடாது. அதில் எழுத ஆரம்பிச்சேன். "நீங்க எங்க ஊருக்கு வந்ததுண்டா? களிமண்ணைக் கையால் தொட்டதுண்டா?" என் பொண்ணு எட்டிப் பார்த்துட்டு, "அம்மா, மேலத்தெரு ஆயாவை மறந்துட்டியா?"ன்னா. போனைக் கவுத்து வெச்சிட்டு அடுப்பைப் பத்த வெச்சேன்.

காலையில் வேற மாதிரி எழுதினேன். "நான் எழுதியது நேரில் பார்த்த விஷயம். எப்படி எழுதினால் இருக்கும் என்று சொல்லுங்கள்" என்று. பதில் வந்துச்சு. "ஊரைப் பற்றி எழுத முன்வந்ததற்கு நன்றி. நூலிலோ செய்தித்தாளிலோ வந்திருந்தால் அந்த விவரத்தைத் தாருங்கள்" என்று. "தாருங்கள்" என்றதைப் பார்த்து இலங்கைக்காரரா இருக்கும்னு நினைச்சேன். நூலகத்துக்குப் போய்த் தேடி, களிமண்ணைப் பத்தின ஒரு பேப்பர் செய்தியைக் காட்டினேன். அந்த வரி நின்னுச்சு. கண் வரையிற கையைப் பத்தின வரி நிக்கலை. அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். நம்ம வேலையைப் பத்திப் பேப்பரில் யாரும் எழுதலேன்னா அது இல்லாத வேலை ஆயிடுமா? இதையும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருக்கேன். அவர் ஒத்துக்கலை. நானும் ஒத்துக்கலை. ஆனா அவர் என்னைத் திட்டலை, நானும் அவரைத் திட்டலை. அடுத்த தடவை எழுதப் போனா அவர்கிட்டயே சந்தேகம் கேட்பேன்.

அப்புறம் அங்கே மத்தவங்க எப்படிச் சண்டை போடுறாங்கன்னு படிக்கிறது எனக்குப் பொழுதுபோக்கு ஆயிடுச்சு. எல்லாருக்கும் பொதுவா பேசுற பக்கத்துக்கு என்ன பேர் தெரியுமா? ஆலமரத்தடி! நாம குழு ஆரம்பிச்சப்போ மரத்தடியில் வட்டமா உட்கார்ந்தோமே, அதே மாதிரி. ஜ, ஷ, ஸ, ஹ எழுத்துகளைப் போடலாமா கூடாதான்னு அவ்வளவு வாதம். நாம டொராண்டோன்னு எழுதுற ஊரை இலங்கைக்காரங்க ரொறன்ரோன்னு எழுதுவாங்க. எது சரி? அங்கே ஒரு வழி வெச்சிருக்காங்க. கட்டுரை ஒரு பேரில் இருக்கும், இன்னொரு பேரைத் தேடினாலும் அதே இடத்தில் கொண்டு போய் விடும். வழிமாற்று என்று பேர். விருத்தாசலமா, விருத்தாச்சலமா, பழைய பேர் திருமுதுகுன்றமான்னு நம்ம ஊர்ப் பலகைக்கே ஆளுக்கு ஒரு எழுத்து எழுதுறோம். அதுக்கும் இந்த வழி செல்லும்.

இங்கிலீஷ்காரங்க மட்டும் யோக்கியமா என்ன? தயிருக்கு இங்கிலீஷில் யோகர்ட் என்று எழுதும்போது நடுவில் 'எச்' வருமா வராதான்னு வருஷக் கணக்கில் அடிச்சுக்கிட்டாங்க. 2011-ல் ஒருவழியா எச் இல்லாமலே முடிஞ்சுது. தயிர் எத்தனை தடவை புளிச்சிருக்கும் அதுக்குள்ளே! ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் அழிக்கிறது அடங்கணும்னு ஒரு விதி போட்டிருக்காங்க. ஒரு பக்கத்தில் ஒருத்தர் ஒரு நாளைக்கு மூணு தடவைக்கு மேல் அழிச்சு மாத்தினா அவரைக் கொஞ்ச நாளைக்கு எழுத விடாம நிறுத்தலாம்.

அவங்க திரும்பத் திரும்பச் சொல்றது, எதிரில் இருக்கிறவர் நல்ல எண்ணத்தோடுதான் செஞ்சிருப்பார்னு முதல்லே எடுத்துக்கணும், எழுதினதைப் பத்திப் பேசணும், எழுதினவரைப் பத்திப் பேசக் கூடாது என்பது. நான் அத்தைக்கு எழுதினதை இதில் வெச்சுப் பாருங்க. ஐந்நூறு ரூபாயைப் பத்தி அதில் ஒரு சொல் இருக்கா? முழுக்க அத்தையைப் பத்தித்தான்.

இதை எங்க குழுவில் பேசினோம். இப்போ யார் பேராவது சொல்லிப் பணம் கேட்கிற விஷயம்னா வாட்ஸ்அப்பில் பதில் எழுதுறது இல்லை. போன் பண்றோம், இல்லேன்னா நோட்டை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறோம். வாய்ஸை ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் பதில். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கணக்கே கிடையாது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லைன்னா மட்டும் பேசலாம். அடுத்தவங்க சண்டையில் சிரிக்கிற பொம்மை போட்டா பத்து ரூபா அபராதம். இதுவரைக்கும் முப்பது ரூபா சேர்ந்திருக்கு. அதில் பத்து ரூபா என்னோடது.

ஆனா ஒண்ணு. சில இடத்தில் "மரியாதையாப் பேசும்மா" என்றால் "வாயை மூடு" என்று அர்த்தம். கணக்குக் கேட்கிற பெண்ணைப் பார்த்துத்தான் அதைச் சொல்லுவாங்க. நான் சொல்றது அது இல்லை. அத்தை கேட்கலேன்னா அந்த ஐந்நூறு அடுத்தவங்க வரியிலேயே கிடந்திருக்கும். அத்தையோட சத்தம் தப்பே இல்லை. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்துக்கிட்டு நான் எழுதினதுதான் தப்பு.

போன வாரம் அத்தைகிட்ட இருந்து மறுபடியும் ஒரு வாய்ஸ். "என் வட்டி ஏன்டி கூடிப் போச்சு?" பாத்திரம் தேய்ச்சிட்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணிக்கே கேட்டுச்சு. விடிஞ்சதும் நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். இந்தத் தடவை கணக்கு சரி, ஒரு மாசத் தவணை தள்ளிப் போயிருக்கு. அத்தை ஒத்துக்கிட்டாங்க. சத்தமாத்தான் ஒத்துக்கிட்டாங்க.

செயலாளர் அக்கா கடிகாரத்தைப் பார்க்கிறாங்க.