மழையை அளந்த மாதரசி

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார். மழையின் அருமையை ஊவா மலைகளில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மழை உண்டானால் கொழுந்து உண்டு. கொழுந்து உண்டானால் கூலி உண்டு. அதே மழை அளவு மீறினாலோ மலையே சரிந்துவிடுகிறது. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. ஆகவே மழையைப் போற்றினால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். அவ்வாறு அளப்பதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்ட ஒரு பெண்மணியைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

அவர் பெயர் அன்னா மாணி. அவரும் மலைநாட்டுப் பெண்ணே. திருவிதாங்கூரைச் சேர்ந்த பீருமேட்டில் 1918 இல் பிறந்தார். தந்தையாருக்கு ஏலத் தோட்டங்கள் இருந்தன. எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டார் வைரத்தோடு கொடுக்க, அதை வேண்டாமென்று கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கினாராம். சென்னையில் பௌதிகம் கற்று, 1940 இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். காதில் அணிய மறுத்த வைரத்தை அங்கே ஒளியிலிட்டு ஆராய்ந்தார்! 1945 இல் தம் ஆராய்ச்சியைச் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சமர்ப்பித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் பெறவில்லை என்பதைக் காரணங்காட்டி, டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள்.

அவர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. இலண்டன் சென்று வானிலைக் கருவிகளின் நுட்பத்தைக் கற்றார். 1948 இல் திரும்பி, பூனாவில் இந்திய வானிலை இலாகாவிற் சேர்ந்தார். அந்நாளில் சாதாரணக் கருவிகளும் அந்நிய நாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. சுமார் 100 கருவிகளுக்கு வரைபடங்களைத் திருத்தமாக வகுத்து, அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். சூரிய வெப்பத்தையும் காற்றின் வலிமையையும் நாடெங்கும் அளந்தார். 1976 இல் அந்த இலாகாவின் பிரதி அதிபதியாக ஓய்வு பெற்று, 2001 இல் மறைந்தார்.

பிழையான அளவைவிட அளவே இல்லாதிருப்பது மேல் என்பது அவர் கொள்கை. இதை நம் தாய்மார்களைவிட நன்கு உணர்ந்தவர் யார்? தராசு பொய் சொன்னால் பகலெல்லாம் பறித்த கொழுந்துக்கு என்ன கதி என்பது அவர்களுக்குத் தெரியும். மழைமானியும் ஒரு தராசுதான். ஒரு மில்லிமீற்றர் மழையென்றால், ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் நீர். 100 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் 4 இலட்சம் லீற்றருக்கு மேல்; நிறையோ 400 தொன்! அதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி, மண்துகள்களின் பிடியைத் தளர்த்துகிறது. சரிவு தாங்க மாட்டாமல் நழுவுகிறது. இதனாலேயே 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கும்படி மண்சரிவு ஆராய்வோர் எச்சரிக்கிறார்கள். மழைமானியை மரத்தடியில் வைத்தால் கணக்குக் குறையும். அந்தப் பொய்க் கணக்கை நம்பி லயத்தில் உறங்கும் குழந்தைகளின் கதி என்ன?

வாலிப அன்பர்களே! தோட்டப் பாடசாலைதோறும் வெட்டவெளியில் ஒரு மழைமானி நிறுவ நாம் முன்வருவோம். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து, ஏட்டில் எழுதும் பொறுப்பை நம் சிறுமியரிடம் ஒப்படைப்போம். பெரியோர்களே! பெண்ணுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று இனியும் கேளாதீர்கள். கொழுந்தின் பக்குவத்தை விரல் நுனியால் அறியும் தாயின் மகளுக்கு நுட்பம் புதிதல்ல. புத்தகமும் வாய்ப்புமே வேண்டும். பீருமேட்டு மலையில் விளைந்த அறிவு, நமுனுகுலை மலையடியிலும் விளையும்.