தேகாப்பியாசமும் நியமமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தேகாப்பியாசம் நல்லது என்று சொல்லுதற்காக நாம் இங்கு வரவில்லை. அதனை அறியாதார் இச்சபையில் எவரும் இலர். அறிந்தும் ஏன் செய்யாதிருக்கின்றோம், தொடங்கியும் ஏன் இடையில் விட்டுவிடுகின்றோம் என்பதே இன்று எடுத்துக்கொண்ட பொருள். இதுபற்றிப் பேச எமக்குள்ள தகுதி ஒன்றே: நாம் மும்முறை தொடங்கி மும்முறையும் தோற்றவர்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது தமையனார் தமது 52ஆம் வயதில், ஒருநாள் விடியற்காலை, பாரிசவாதத்தால் விழுந்தார். இரத்த அழுத்தமும் நீரிழிவும் அவருக்கு நெடுநாளாகவே இருந்தன. ஆஸ்பத்திரியில் அவர் அருகே நின்றபோது, அடுத்த கட்டில் எமக்கே என்ற பயம் எம்மைப் பிடித்துக்கொண்டது. வீடு திரும்பியதும் புதுச் சப்பாத்து வாங்கினோம். கைக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் குண்டுகள் வாங்கினோம். மணிக்கூட்டில் நாலரை மணிக்கு அலாரம் வைத்தோம். நாள்தோறும் ஒரு மணிநேரம் ஓட்டமும் தண்டாலும் என்பது சங்கற்பம். பதினொரு நாள் குறைவின்றி நடந்தது. பன்னிரண்டாம் நாள் மாரி மழை. பதின்மூன்றாம் நாள் முழங்கால் நோ. பதினாலாம் நாள், "இரண்டு நாள் விட்டாயிற்று, இனி அடுத்த மாதம் முதலாந் தேதி தொடங்கலாம்" என்று மனம் நியாயம் சொல்லிற்று. தைப்பொங்கலன்று மீண்டும் தொடங்கினோம். சித்திரை வருடப்பிறப்பன்று மீண்டும் தொடங்கினோம். இரண்டு முறையும் விட்டோம். இரும்புக் குண்டுகள் களஞ்சிய அறைக் கதவு காற்றில் அடியாதிருக்க உதவின.

நாம் சோம்பேறி என்று எம்மையே ஏசிக்கொண்டோம். ஆனால் குற்றம் வேறிடத்தில் இருந்தது. அதனை எமக்கு உணர்த்தியது எமது வீட்டு விளக்கு. பொழுது சாய்ந்ததும் எமது மனைவியார் சுவாமி அறையில் விளக்கேற்றுவார். "இன்று விளக்கேற்ற எனக்கு உற்சாகம் இருக்கிறதா?" என்று அவர் ஒருநாளும் தம்மைக் கேட்டுக்கொண்டதில்லை. எண்ணெயும் திரியும் தீப்பெட்டியும் கைக்கெட்டிய இடத்தில் இருக்கும். நேரம் வந்தால் கை தானாகவே அவற்றைத் தேடும். பிரயாணத்தால் ஒருநாள் தவறினால், மறுநாள் அதற்கு ஈடாகப் பத்து விளக்கு ஏற்றுவதுமில்லை. இனி ஏற்றுவதேயில்லை என்று விட்டுவிடுவதுமில்லை. வழக்கம்போல ஒரு விளக்கு. நியமம் என்பது இதுவன்றோ! நாமோ உற்சாகத்தை மட்டும் நம்பியிருந்தோம். உற்சாகம் விருந்தாளி, வந்து போகும். நியமமே வீட்டுக்காரன்.

இதனை ஆராய்ந்து கண்டவர்களும் உளர். 2009ஆம் ஆண்டு லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆராய்ச்சியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 96 பேர் பங்குபற்றினர். ஒவ்வொருவரும் தண்ணீர் அருந்துதல், பழம் உண்ணல், சிறிது தேகாப்பியாசம் என்பன போன்ற ஒரு செயலைத் தெரிந்து, நாள்தோறும் தவறாது நிகழும் ஒன்றுடன் அதனைப் பிணைத்து, 12 வாரம் செய்துவந்தனர். அச்செயல் தன்னியல்பாகப் படிவதற்குச் சராசரியாக 66 நாள் ஆகுமெனக் கண்டனர். ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள்வரை வேறுபட்டது. 21 நாளில் எப்பழக்கமும் கைகூடும் என்று பலரும் சொல்வது பொருந்தாதென்பது இதனால் விளங்கும். மிகவும் ஆறுதலான செய்தி மற்றொன்று: இடையில் ஒருநாள் தவறுவதால் பழக்கம் கெட்டுவிடவில்லை. எம்மைக் கெடுத்தது மழை பெய்த பன்னிரண்டாம் நாளன்று. முதலாந் தேதிக்குத் தள்ளிப்போட்ட பதினாலாம் நாளே.

இன்னோர் உதாரணம். 1953ஆம் ஆண்டு ஜெரமி மொரிஸ் என்ற வைத்தியரும் அவருடன் சேர்ந்தோரும் லண்டன் பஸ் தொழிலாளரை ஆராய்ந்து எழுதினர். நாள் முழுவதும் இருந்தபடி பஸ் ஓட்டிய சாரதிகளைவிட, மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த கொண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக இருந்தது. அந்தக் கொண்டக்டர் எந்தச் சங்கற்பமும் செய்தாரல்லர். ஏறுவது அவருடைய நாளோடு பின்னிக் கிடந்தது; ஆதலின் ஏறினார்.

நாமும் நான்காம் முறை அவ்வாறே செய்தோம். காலைத் தேநீர் அருந்திக் கோப்பையை வைத்ததும் படலையைத் திறப்பது. கோயில் வெளிவீதியை ஒருமுறை சுற்றி வருவது. பத்து நிமிடம், அவ்வளவே. முதல் மாதத்தில், ஆசை மேலிட்டபோதும் ஒரு நிமிடங்கூடக் கூட்டவில்லை. இரண்டாம் மாதம் ஒரு சுற்றுக் கூட்டினோம். மழை நாளில் விறாந்தையிலே நடந்தோம். காய்ச்சலாலும் செத்தவீடுகளாலும் தவறிய நாட்கள் உண்டு. ஆனால் மறுநாளும் தவறவிட்டது அரிது. இப்போது நாளுக்கு 35 நிமிடம். நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

எவ்வளவு போதும் என்று கேட்பீர்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 2020ஆம் ஆண்டு வகுத்தபடி, வளர்ந்தோர்க்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிடம் மிதமான தேகாப்பியாசம் வேண்டும். நடக்கும்போது பேச இயலவேண்டும், பாட இயலாதிருக்கவேண்டும்; அதுவே மிதம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் அப்பியாசமும் வேண்டும். 5 முதல் 17 வயதுவரை உள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம். சிறிதளவு செய்தாலும் ஒன்றுஞ் செய்யாதிருப்பதிலும் மேலென்பதையும் அந்த ஸ்தாபனம் வற்புறுத்துகிறது. இருதய நோய் முதலியன உள்ளோர் வைத்தியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.

வாலிபர்களே, பாடசாலை மைதானத்தில் ஓடிய கால்கள், பரீட்சை முடிந்ததும் சந்திக்கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள் தேடுகின்றன. விளையாட்டை விட்ட அந்த வருடமே உங்கள் நியமத்தைத் தொடங்குங்கள். எம்மைப்போல ஆஸ்பத்திரி வாசலில் தொடங்காதீர்கள்.

பெரியோர்களே, உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். விடியற்காலையில் ஒரு குமர்ப்பிள்ளையோ ஒரு தாயோ வீதியில் விரைந்து நடந்தால், "இவளுக்கு என்ன நடை?" என்று கேட்கும் வாய்கள் நம்மிடையே இன்னும் உள. நீரிழிவு ஆண் பெண் பார்த்து வருவதில்லை. ஒரு சொல்லால் ஒருவருடைய நியமத்தை முறித்துவிடலாம். "நல்லது பிள்ளை, நட" என்ற ஒரு சொல்லால் அதனை வாழவைக்கலாம்.

எமது தமையனார் இன்று தடியூன்றி நடக்கிறார். காலையில் நாம் படலையைத் திறக்கும் ஓசை கேட்டதும், தம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்பார். அங்கிருந்து மூலைக் கிணற்றடி மட்டும் எம்முடன் வந்து திரும்புவார். "நான் இதைக் காலோடு இருந்தபோது செய்திருக்க வேணும், தம்பி" என்று ஒருமுறை சொன்னார். அதற்கு நாம் மறுமொழி சொல்லவில்லை. அவருடைய நடைக்கு எமது நடையைக் குறைத்துக்கொண்டோம்.

ஆதலின் அன்பர்களே, நல்ல நாள் பார்க்கவேண்டாம். நாளைக் காலை, தேநீர்க் கோப்பையை வைத்ததும் பத்து நிமிடம் நடவுங்கள். நாளை தவறினால் நாளை மறுநாள் நடவுங்கள்.